மழைக்கும் சக்கரத்துக்கும் ஒரே பள்ளம்

ஸ்கேட்போர்டு ஓட்டுவதற்கென்று நகரத்தின் நடுவில் கான்கிரீட்டில் ஒரு சதுக்கம் கட்டிவிட்டு, அது சுற்றுச்சூழலுக்கு உகந்தது என்று யாராவது சொன்னால் சந்தேகம் வரும். வரவும் வேண்டும். மண்ணை மூடு, சிமென்ட்டைக் கொட்டு, இரும்புக் கம்பியை நடு, கடைசியில் ஓரமாக நாலு செடி வைத்துப் பச்சை எழுத்தில் ஒரு பலகை மாட்டு. இந்த வகைத் திட்டங்களைப் பார்த்துப் பார்த்து நம் எல்லோருக்கும் சலித்துவிட்டது. இருந்தாலும் இந்த ஒரு விஷயத்தில் அந்தப் பெயருக்கு உண்மையான அர்த்தம் இருக்க முடியும் என்று நான் நம்புகிறேன். அதற்குக் காரணம் செடிகளோ மறுசுழற்சி இரும்போ கிடையாது, மழைநீர். ஸ்கேட் சதுக்கம் நகரத்தின் மழைநீர் வடிகாலோடு சேர்ந்து ஒரே கட்டுமானமாக இருந்தால் அது நகரத்துக்குச் செய்யும் நன்மை பெரிது. தனித் தீவாக நின்றால், ஓரத்தில் எத்தனை செடி வைத்தாலும் அது வெறும் கான்கிரீட் தளம்தான். இதை ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் நிதானமாக எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெளிவாக இருக்கட்டும். ஸ்கேட் பூங்காக்களில் இரண்டு மரபுகள் உண்டு. ஒன்று கிண்ணம் போல வளைந்த ஆழமான பள்ளங்கள். இன்னொன்று, நகரத் தெருவையும் அலுவலகக் கட்டிட வாசலையும் அப்படியே எடுத்து வைத்தது போன்ற சதுக்கம்: நாலைந்து படிகள், நடுவே ஒரு கைப்பிடிக் கம்பி, திண்ணை உயரத்தில் கல் விளிம்புகள், சின்னச் சின்னச் சரிவுகள். தெரு ஸ்கேட்டிங் பழகுகிறவர்கள் தேடுவது இந்த இரண்டாவதை. அமெரிக்காவின் ஒரெகன் மாநிலத்துப் போர்ட்லாந்து நகரத்தில், போவெல் பவுல்வர்டு சாலைக்குப் பக்கத்தில் எட் பெனடிக்ட் பூங்கா இருக்கிறது. அங்கே 2008-ல் திறந்த ஸ்கேட் சதுக்கம் அந்த வகை. சுமார் 18,000 சதுர அடி. நியூ லைன் ஸ்கேட்பார்க்ஸ் என்ற நிறுவனம் வடிவமைத்தது. சுற்றுச்சூழலை மனதில் வைத்துக் கட்டிய சதுக்கம் என்று தொடக்கத்திலிருந்தே பெயர் எடுத்தது. தளத்தில் விழும் மழையைச் செடிகள் நட்ட பள்ளங்களுக்குத் திருப்பிவிடுவது அந்தப் பெயருக்கு முக்கியமான காரணம்.

சரி, கான்கிரீட் கணக்கை முதலில் போட்டுவிடுவோம், அதை மறைத்துவிட்டு மேலே பேசுவது நேர்மையாகாது. 18,000 சதுர அடி என்பது ஏறக்குறைய 1,670 சதுர மீட்டர். 15 சென்டிமீட்டர் கனத்தில் தளம் போட்டால் 250 கன மீட்டர் கான்கிரீட் ஆகும். கன மீட்டருக்கு 300 கிலோ சிமென்ட் என்று வைத்தால் 75 டன் சிமென்ட். ஒரு டன் சிமென்ட் தயாரிக்க, அதில் என்ன கலக்கிறார்கள் என்பதைப் பொறுத்து, 600 முதல் 900 கிலோ வரை கரியமில வாயு வெளியேறுகிறது. எரிபொருளின் புகை அதில் ஒரு பங்குதான். சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது அந்தக் கல்லிலிருந்தே வாயு பிரிகிறது, அதனால் அடுப்பை மாற்றினாலும் இது முழுசாகத் தீராது. மொத்தத்தில் இந்த அளவுச் சதுக்கத்தின் தளத்துக்கு மட்டும் 45 முதல் 70 டன் வரை வருகிறது. சராசரியாக நாலு அமெரிக்கர்கள் ஒரு வருடத்தில் வெளிவிடும் அளவு என்று சொல்லலாம். இரும்பு ஆலைக் கசடையோ அனல்மின் நிலையச் சாம்பலையோ சிமென்ட்டில் பாதி வரை கலந்தால் இந்தக் கணக்கு நன்றாகவே குறையும். ஸ்கேட் தளத்துக்குத் தேவையான வழவழப்பும் உறுதியும் அப்படிக் கலந்த கான்கிரீட்டிலும் கிடைக்கும். இறுகுவதற்குக் கொஞ்சம் கூடுதல் நாள் பிடிக்கும், அவ்வளவே.

இந்த எண்ணை நான் சின்னதாக்கிக் காட்ட விரும்பவில்லை. ஆனால் அது ஒருமுறைச் செலவு. கட்டிய நாளோடு முடிந்துபோகிறது. மழைக்கணக்கு அப்படி முடிவதில்லை. போர்ட்லாந்தில் வருடத்துக்குச் சுமார் 900 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அந்த 1,670 சதுர மீட்டர் தளத்தின் மேல் ஒவ்வொரு வருடமும் 15 லட்சம் லிட்டர் தண்ணீர் விழுகிறது. ஒரே நாளில் 25 மில்லிமீட்டர் பெய்தால் 42,000 லிட்டர். கீழே மண் இருந்தபோது அதில் பெரும்பகுதி உறிஞ்சப்பட்டிருக்கும். மூடிவிட்ட பிறகு எல்லாமே ஒரே நேரத்தில் ஓட ஆரம்பிக்கும். முப்பது வருடம் இந்தச் சதுக்கம் நிற்கும் என்றால் நாலரைக் கோடி லிட்டர் தண்ணீர் எங்கே போகிறது என்பதை முதல் நாளில் வரையும் வரைபடம்தான் தீர்மானிக்கிறது. சுற்றுச்சூழல் என்று சொல்கிறவர்கள் முதலில் அந்த வரைபடத்தைத்தான் கேட்டு வாங்க வேண்டும் என்பது என் கட்சி.

போர்ட்லாந்து இந்தக் கேள்வியைக் கேட்கக் கற்றுக்கொண்டதற்குப் பின்னால் பெரிய விலை இருக்கிறது. அந்த ஊரின் பழைய பகுதிகளில் மழைநீரும் வீட்டுக் கழிவுநீரும் ஒரே குழாயில் ஓடின. மழை பெய்தால் குழாய் தாங்காது. இரண்டும் கலந்து வில்லமெட் ஆற்றில் போய் விழும். இதை நிறுத்த 1991-ல் தொடங்கி 2011-ல் முடித்த 'பிக் பைப்' என்ற பிரம்மாண்டச் சுரங்கக் குழாய்த் திட்டத்துக்கு ஏறக்குறைய 140 கோடி டாலர் ஆனது. ஆற்றில் விழும் கலவைநீர் 94 சதவீதம் குறைந்தது. அந்த இருபது வருடத்தில் நகரம் இன்னொன்றையும் சேர்த்துச் செய்தது, எனக்கு அதுதான் அதிக மரியாதையைத் தருகிறது. வீட்டுக் கூரைகளிலிருந்து சாக்கடைக்குள் இறங்கிய மழைக் குழாய்களை வெட்டித் தோட்டத்து மண்ணுக்குத் திருப்பினார்கள். 50,000-க்கும் மேற்பட்ட குழாய்கள் அப்படித் திருப்பப்பட்டன. தெரு ஓரங்களில் செடிப் பள்ளங்கள் வெட்டிச் சாலை நீரை அதற்குள் விட்டார்கள். சுத்தமான மழையைக் குழாய்க்குள் விடுவதே முதல் தவறு என்ற பாடம் அந்த ஊரின் பொறியாளர்களிடம் ஊறிப்போனது. எட் பெனடிக்ட் சதுக்கத்தின் ஓரத்துச் செடிப் பள்ளங்கள் அந்தப் பாடத்திலிருந்து வந்தவை. ஒரு விளையாட்டுத் திடலுக்காகப் புதிதாக யாரும் கண்டுபிடித்ததில்லை.

ஆனால் அந்தச் சதுக்கத்திலும் தண்ணீருக்கும் விளையாட்டுக்கும் இடையே ஒரு கோடு இருக்கிறது. ஸ்கேட் செய்வது இங்கே, தண்ணீர் போவது அங்கே. இதையும் தாண்டி ஒரு படி போகலாம்: ஸ்கேட் செய்யும் பள்ளமே தண்ணீர் நிற்கும் பள்ளமாக இருக்கலாம். கேட்கும்போது விசித்திரமாகத் தோன்றும் இந்த யோசனை, ஸ்கேட்போர்டின் சரித்திரத்தைத் தெரிந்தவர்களுக்கு மிக இயல்பானது. 1976, 77-ல் கலிஃபோர்னியாவில் கடும் வறட்சி. வீடுகளின் நீச்சல் குளங்களை நிரப்ப முடியாமல் வற்ற விட்டார்கள். தெற்குக் கலிஃபோர்னியாப் பையன்கள் அந்த வற்றிய குளங்களின் வளைந்த சுவர்களில் ஏறி இறங்கப் பழகினார்கள். இன்றைய கிண்ண வகை ஸ்கேட் பூங்கா முழுவதும் அங்கிருந்து வந்தது. அதே காலத்தில் வெள்ளநீர்க் கால்வாய்களின் சரிவுச் சுவர்களிலும், அணைகளின் காலியான வெளியேற்றக் குழாய்களுக்குள்ளும் ஸ்கேட் செய்தார்கள். அப்லாண்ட் அருகே இருக்கும் மவுன்ட் பால்டி குழாய் இன்றைக்கும் பலருக்கு யாத்திரைத் தலம் மாதிரி. 1970-களின் தொடக்கத்தில் யூரித்தேன் சக்கரங்கள் வந்தது இதற்கெல்லாம் வழிசெய்தது. பழைய களிமண் சக்கரங்கள் சரிவில் பிடிப்பின்றி வழுக்கிவிடும். ஆக, தண்ணீருக்காகக் கட்டி, தண்ணீர் இல்லாமல் சும்மா கிடக்கும் இடங்களைப் பயன்படுத்தியே ஸ்கேட்போர்டு வளர்ந்தது.

ஏன் இந்தப் பொருத்தம் என்று யோசித்தால் காரணம் எளிது. வெள்ளநீரைத் தற்காலிகமாகத் தேக்கும் பள்ளம் உறுதியாக, அரிக்காத பரப்போடு, ஒரு பக்கம் சரிவாக இருக்க வேண்டும். வருடத்தில் சில நாள், சில மணி நேரம்தான் அது நிறையும். மற்ற நாளெல்லாம் காலியாகக் கிடக்க வேண்டும், காலியாக இருந்தால்தான் அடுத்த மழைக்கு அதனால் பயன். ஸ்கேட்டுக்கு வேண்டியதும் கிட்டத்தட்ட இதே பட்டியல்: உறுதியான பரப்பு, சரிவு, பள்ளம், காய்ந்த நாட்கள். இந்த விஷயத்தில் நம் ஊர்க்காரர்களுக்கு விளக்கமே தேவையில்லை. மேல் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாகக் கீழ் ஏரிக்குத் தண்ணீர் இறங்கும். கோடையில் அதே ஏரி வற்றியதும் பையன்கள் ஸ்டம்பு நட்டுக் கிரிக்கெட் ஆடுவார்கள். மழைக்கு ஒரு வேலை, வெயிலுக்கு ஒரு வேலை என்று ஒரே நிலம் இரண்டு முறை பயன்படுவதில் எந்த முரண்பாடும் யாருக்கும் தோன்றியதில்லை.

நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரம் இதை மிகக் கவனமாகத் திட்டமிட்டுச் செய்து காட்டியது. அந்த ஊரின் பெரும்பகுதி கடல்மட்டத்துக்குக் கீழே. பெரிய மழை பெய்தால் தண்ணீர் தானாக வடிய வழியே கிடையாது, பம்ப் வைத்துத்தான் இறைக்க வேண்டும். நிலத்தடியில் பெரிய தொட்டிகள் கட்டலாம். அவை விலை உயர்ந்தவை, யார் கண்ணிலும் படாதவை, மழை இல்லாத நாளில் யாருக்கும் உதவாதவை. டி அர்பனிஸ்டன் என்ற வடிவமைப்புக் குழு வேறு வழி சொன்னது: தொட்டியை மேலே கொண்டு வந்து சதுக்கமாக்கிவிடுவோம். 2013 டிசம்பரில் திறந்த பெந்தம்பிளைன் சதுக்கம் அப்படி வந்தது. அதில் மூன்று பள்ளங்கள். ஆழமில்லாத இரண்டு பள்ளங்களில் ஒன்று சக்கரம் வைத்த எதற்கும் ஏற்றது: ஸ்கேட்போர்டு, சின்னச் சைக்கிள், உருள்காலணி. மூன்றாவது ஆழமானது. காய்ந்த நாளில் பந்து விளையாடும் ஆடுகளம், சுற்றிலும் உட்காரப் படிகள். மழை தொடங்கியதும் சுற்றியுள்ள கூரைகளிலிருந்தும் தரையிலிருந்தும் தண்ணீர் முதலில் ஆழமில்லாத பள்ளங்களுக்கு வரும். மழை விடாமல் பெய்தால்தான் ஆழமான பள்ளம் நிறையத் தொடங்கும். மொத்தம் 17 லட்சம் லிட்டர் வரை பிடிக்கும். தண்ணீரைக் கொண்டு வரும் துருப்பிடிக்காத எஃகுக் கால்வாய்கள் வேண்டுமென்றே அகலமாக, ஸ்கேட் செய்யத் தோதாக அமைக்கப்பட்டவை. தண்ணீர் நிற்கப் போகும் இடங்கள் நீல நிறத்தில் இருப்பதால், எது பள்ளம் எது நடைபாதை என்று புதிதாக வருகிறவருக்கும் தெரிந்துவிடும். பக்கத்துக் கல்லூரி மாணவர்கள், தேவாலயத்துக்கு வருகிறவர்கள், உடற்பயிற்சிக்கூடக்காரர்கள் எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசி வரைந்த திட்டம் இது. அந்தச் சதுக்கத்தில் அதற்கு முன்பு இருந்ததும் கல் பாவிய வெற்றுத் தளம்தான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இதற்குத் திரும்பி வருவேன்.

டென்மார்க்கின் ராஸ்கில்ட் நகரம் இன்னும் பெரிதாகப் போனது. மியூசிகான் என்ற பகுதி, முன்பு ஒரு கான்கிரீட் தொழிற்சாலை இருந்த இடம். புதுக் குடியிருப்புகள் வரும்போது மழைநீருக்கு ஏதாவது வழி செய்தே ஆக வேண்டும். 2012-ல் திறந்த ரபால்டர் பூங்காவில், வெள்ளத்தைக் கொண்டு செல்லும் நானூறு மீட்டருக்கும் நீளமான கால்வாய் முழுவதும் ஸ்கேட் செய்யக்கூடிய வழவழப்பான கான்கிரீட். தண்ணீர் ஒன்றன்பின் ஒன்றாகத் தேக்கங்களில் இறங்குகிறது. கடைசியில் இருக்கும் ஆழமான ஸ்கேட் கிண்ணம் மிக அரிதான பெருமழைக்கு மட்டும் நிறையும். மொத்தக் கொள்ளளவு சுமார் 2 கோடியே 30 லட்சம் லிட்டர். ராட்டர்டாம் சதுக்கத்தைப் போலப் பத்து மடங்குக்கும் மேல். ஸ்கேட் கிண்ணம் கடைசியில் இருப்பது ஏன் முக்கியம் என்று கீழே சொல்கிறேன், அந்த அமைப்பில் நல்ல பொறியியல் மூளை இருக்கிறது.

இனி எதிர்வாதங்கள். முதலில் எல்லோரும் கேட்பது: மழை பெய்தால் ஸ்கேட் செய்ய முடியாதே, அப்புறம் எதற்கு அந்த இடம்? உண்மையில் மழை பெய்தால் எந்தத் திறந்தவெளி ஸ்கேட் பூங்காவிலும் ஓட்ட முடியாது. கடினமான சின்னச் சக்கரங்கள் ஈரக் கான்கிரீட்டில் வழுக்கும், பேரிங்குகள் துருப்பிடிக்கும், பலகையின் ஏழு அடுக்கு மேப்பிள் மரம் ஈரம் ஏறி உளுத்துவிடும். தண்ணீர் வேண்டாம் என்று விளையாடுகிறவர் விலகியிருக்கும் அதே நேரத்தில்தான் தண்ணீர் அந்த இடத்தை எடுத்துக்கொள்கிறது. தேக்கம் வடிய ஒன்றிரண்டு நாள் கூடுதலாகப் பிடிக்கலாம், அது நிஜமான இழப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் புல்வெளி ஆடுகளத்தைத் தேக்கமாகப் பயன்படுத்தினால் சேறாகி வாரக்கணக்கில் மூடிவைக்க வேண்டியிருக்கும். கான்கிரீட் வடிந்த பிறகு வெயிலில் சீக்கிரம் காய்ந்துவிடும்.

அடுத்தது அழுக்கும் கொசுவும். இது நம் வாசகர்கள் உடனே கேட்கும் கேள்வி, சரியான கேள்வியும்கூட. தேங்கிய நீரில் முட்டையிலிருந்து கொசுவாக ஏழெட்டு நாள் தேவை. பெந்தம்பிளைனின் ஆழமான பள்ளம் அதிகபட்சம் 36 மணி நேரத்தில் காலியாக வேண்டும் என்பது வடிவமைப்பிலேயே இருக்கும் நிபந்தனை. ஆழமில்லாத பள்ளங்களின் நீர் நிலத்துக்குள் இறங்குகிறது, ஆழமான பள்ளத்தின் நீர் நகரத்தின் திறந்த கால்வாய்களுக்குப் போகிறது. இரண்டுமே சாக்கடைக்குப் போவதில்லை. அழுக்கைப் பொறுத்தவரை, எந்த நீரை உள்ளே விடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கூரையிலிருந்து வரும் நீர் ஓரளவு சுத்தம். கார் ஓடும் சாலையின் நீரில் எண்ணெயும் டயர்த் தூளும் இருக்கும். அதை ஸ்கேட் தளத்துக்கு விடக்கூடாது, செடிப் பள்ளத்துக்கு விட வேண்டும். கழிவுநீர்க் குழாய் பக்கத்தில் பொங்கி வழிய வாய்ப்புள்ள ஊரில் இந்தத் திட்டத்தை அப்படியே கொண்டு வந்து வைப்பது ஆபத்து. முதலில் இரண்டு குழாய்களையும் பிரிக்க வேண்டும். அடுத்தது மணல். ஒரு சின்னக் கூழாங்கல் போதும், வேகமாக வரும் பலகை சட்டென்று நின்று ஓட்டுகிறவர் முகம் குப்புற விழுவார். ராஸ்கில்டில் ஸ்கேட் கிண்ணம் கடைசியில் இருப்பதன் பயன் இங்கேதான். மேலே இருக்கும் தேக்கங்களில் வண்டல் படிந்துவிடுகிறது, கிண்ணத்துக்கு அரிதாக, அதுவும் தெளிந்த நீர் வருகிறது. பெருக்குவதற்கு ஆள் வேண்டாமா என்றால், வேண்டும். அதற்கான பணத்தை முதல் நாளே ஒதுக்காத நகரம் இதைக் கட்டக்கூடாது.

தண்ணீர் ஊடுருவும் கான்கிரீட் போட்டால் இந்தத் தொல்லையே இல்லையே என்று சிலர் கேட்கிறார்கள். அந்தக் கான்கிரீட்டின் மேற்பரப்பு பொரி உருண்டை போல ஓட்டையும் மேடுமாக இருக்கும், கடினமான சின்னச் சக்கரம் அதில் ஓடாது. பார்வையாளர்கள் நிற்கும் இடத்துக்கும் நடைபாதைக்கும் அது நல்லது. ஓடுதளத்துக்கு வழவழப்பான தளமும், ஓரத்தில் நீரைக் குடிக்கும் மண்ணும் தேவை.

எனக்கு உண்மையிலேயே வலுவாகத் தோன்றும் எதிர்வாதம் வேறு. அவ்வளவு இடம் இருந்தால் மரம் நடலாமே, மண்ணை மண்ணாகவே விடலாமே என்பது. இதற்கு நான் சுற்றி வளைக்காமல் பதில் சொல்கிறேன்: உயிருள்ள மண்ணாக இருக்கும் இடத்தில் ஸ்கேட் சதுக்கம் கட்டாதீர்கள். எந்தச் செடிப் பள்ளமும் நல்ல மண்ணை மூடியதை முழுசாக ஈடுசெய்யாது. இந்த அளவுகோலில் பார்த்தால் போர்ட்லாந்தின் எட் பெனடிக்ட் சதுக்கம் ஒரு பூங்காவுக்குள் வந்தது என்பதால் கொஞ்சம் பின்தங்கித்தான் நிற்கிறது. அங்கே செடிப் பள்ளங்கள் செய்த சேதத்தைக் குறைக்கின்றன, புதிதாக எதையும் நகரத்துக்குத் தரவில்லை. ராட்டர்டாமில் கதை வேறு. ஏற்கெனவே மூடிக் கிடந்த தளம், அது வடிகால் குழாயை மட்டுமே நம்பியிருந்தது. அதை உடைத்துப் பள்ளமாக்கியதில் நகரத்துக்கு 17 லட்சம் லிட்டர் கொள்ளளவு புதிதாகக் கிடைத்தது. ராஸ்கில்டில் பழைய தொழிற்சாலை நிலம். இப்படி ஏற்கெனவே கான்கிரீட்டும் தாரும் மூடியிருக்கும் இடங்கள் எந்த நகரத்திலும் ஏராளம்: பயன்படாத வண்டி நிறுத்துமிடம், மேம்பாலத்துக்கு அடியில், மூடிப்போன ஆலையின் முற்றம். போர்ட்லாந்திலேயே இதற்குப் பழைய முன்னுதாரணம் இருக்கிறது. 1990-ல் பர்ன்சைட் பாலத்துக்கு அடியில் ஸ்கேட் செய்கிறவர்கள் அனுமதி கேட்காமல் தாங்களே கான்கிரீட் பூசிக் கட்ட ஆரம்பித்த பூங்கா, பிறகு நகரத்தின் ஒப்புதலும் பெற்று இன்றும் நிற்கிறது. ஒரு புல் கூட அங்கே இல்லை, பசுமை என்று யாரும் அதற்குப் பெயர் வைக்கவும் இல்லை. ஆனாலும் ஒரு பிடி மண்ணைக்கூடப் புதிதாக மூடாமல், பாலம் கூரையாக இருப்பதால் மழையிலும் பயன்பட்டு, இத்தனை வருடம் நிலைத்த அந்த இடத்துக்கு என் கணக்கில் நல்ல மதிப்பெண் உண்டு.

மரம் பற்றி இன்னொன்று. கான்கிரீட் தளம் வெயிலில் கொதிக்கும், நிழல் வேண்டும். ஆனால் இலையும் விதையும் காயும் உதிர்க்கும் மரத்தை ஓடுதளத்தின் மேல் வைத்தால் அது கூழாங்கல் வேலையைச் செய்யும். மரங்களை ஓரத்துப் பள்ளங்களில், மேற்குப் பக்கமாக, காற்று தளத்துக்கு உள்ளே வீசாத திசையில் வைத்தால் மாலை வெயிலை மறைக்கும், அவற்றுக்குத் தேவையான நீரும் தளத்திலிருந்தே கிடைக்கும். எட் பெனடிக்ட் போன்ற வடிவமைப்பின் பலம் இதில்தான்.

புல்வெளியோடு ஒப்பிட்டும் சிலர் பேசுவார்கள். பசும்புல் ஆடுகளம் கண்ணுக்குக் குளிர்ச்சி, ஆனால் தண்ணீரும் உரமும் புல்வெட்டும் யந்திரத்தின் எரிபொருளும் வருடம் முழுவதும் தேவை. அதைத் தவிர்க்கச் செயற்கைப் புல் போட்டால், அதற்கிடையே தூவும் ரப்பர்த் துகள்கள் மண்ணிலும் நீரிலும் கலக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் நுண்பிளாஸ்டிக் கட்டுப்பாட்டில் இந்தத் துகள்களையும் சேர்த்து, எட்டு வருட அவகாசத்துக்குப் பிறகு விற்பனையை நிறுத்த முடிவு செய்தது. ஸ்கேட் சக்கரத்தின் யூரித்தேனும் தேயத்தான் செய்கிறது. அந்த அளவை டன் கணக்கில் கொட்டும் ரப்பர்த் துகளோடு ஒப்பிட முடியாது.

நிலைத்திருப்பதைப் பற்றிச் சொல்லாமல் கான்கிரீட் கணக்கு முழுமையாகாது. 45 டன் வாயுவைப் பத்து வருடத்தில் இடித்துத் தள்ளும் தளத்துக்குச் செலவழிப்பதும், ஐம்பது வருடம் நிற்கும் தளத்துக்குச் செலவழிப்பதும் ஒன்றாகுமா? ஃபிலடெல்ஃபியாவின் லவ் பார்க் 1965-ல் திறந்தது. அதன் கருங்கல் விளிம்புகளில் உலகத் தெரு ஸ்கேட்டிங்கின் ஒரு தலைமுறையே வளர்ந்தது. நகரம் அங்கே ஸ்கேட் செய்யத் தடை விதித்தபோது, அந்தச் சதுக்கத்துக்கு மூல யோசனை தந்த நகரத் திட்டமிடுநர் எட்மண்ட் பேக்கன் 2002-ல், தன் 92-ஆம் வயதில், ஸ்கேட்போர்டில் ஏறிக் காட்டி எதிர்ப்புத் தெரிவித்தார். நகரம் இறங்கி வரவில்லை. 2016-ல் சதுக்கத்தை உடைத்துப் புதிதாகக் கட்டினார்கள். உடைத்த கருங்கற்களில் ஒரு பகுதி பின்னர் ஸ்வீடனின் மால்மோ நகரத்துக்குக் கப்பலேறி, அங்கே ஸ்கேட் செய்வதற்கென்றே திரும்பவும் பதிக்கப்பட்டது. அட்லாண்டிக்கைக் கடந்து கல் கொண்டு போவதில் கார்பன் லாபம் இருப்பதாக நான் வாதிட மாட்டேன், அது பெரும்பாலும் அன்பினால் செய்த வேலை. ஆனால் ஐம்பது வருடம் மழை, பனி, ஆயிரக்கணக்கான பலகைகளின் உரசல் எல்லாவற்றையும் தாங்கிய கல் மறுபடி பயன்படுகிறது என்பது உண்மை. விளிம்புகளை ஸ்கேட் செய்கிறவர்கள் உடைத்துவிடுகிறார்கள் என்று சொல்லும் நகராட்சிகள், கனமான கருங்கல்லையோ எஃகு விளிம்பையோ தொடக்கத்திலேயே வைத்திருந்தால் அந்தப் புகார் பாதியாகக் குறைந்திருக்கும்.

எங்கே கட்டுவது என்பதும் சுற்றுச்சூழல் கேள்வியே. ஸ்கேட் செய்கிறவர்களில் பெரும்பாலோர் கார் ஓட்டும் வயது வராதவர்கள். ஊருக்கு வெளியே மலிவான நிலத்தில் பெரிதாக ஒன்றைக் கட்டினால் ஒவ்வொரு முறையும் அப்பாவோ அம்மாவோ காரில் கொண்டுபோய் விட வேண்டும். போர்ட்லாந்து 2005-ஐ ஒட்டி வகுத்த திட்டம் நகரம் முழுவதும் 19 இடங்களை, சிறிது நடுத்தரம் பெரிது என மூன்று அளவுகளில், பகுதிக்கு ஒன்றாகப் பரப்ப நினைத்தது. எல்லாம் கட்டி முடிக்கப்படவில்லை. ஆனாலும் பலகையிலேயே உருண்டு போய்ச் சேரக்கூடிய தூரத்தில் சின்னதாக ஒன்று என்ற அந்த எண்ணம், ஒரே ஒரு பிரம்மாண்டத்தை விட எல்லா வகையிலும் மேல். மழைநீருக்கும் அதுவே பொருந்தும். மழை விழும் இடத்துக்குப் பக்கத்திலேயே தேக்கும் பல சிறு பள்ளங்கள் வேண்டும், ஊர்க்கோடியில் ஒரு பெரும் பள்ளம் அந்த வேலையைச் செய்யாது.

கடைசியாகப் பணம். ஒரு சில இளைஞர்களின் பொழுதுபோக்குக்கு இவ்வளவு செலவா என்ற கேள்வி எல்லா நகர மன்றத்திலும் வரும். பூங்காத் துறையின் சிறிய பட்ஜெட்டிலிருந்து தனியாகக் கேட்டால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது கஷ்டம்தான். ராஸ்கில்டும் ராட்டர்டாமும் வேறு இடத்தில் கை வைத்தன. மழைநீரைச் சமாளிக்கும் பணம் எப்படியும் செலவாகப் போகிற பணம். ராட்டர்டாமில் நகரத்தோடு நீர் வாரியமும் சேர்ந்து நின்றது. தரைக்கு அடியில் மூடிய தொட்டியாகப் புதைக்க வேண்டிய பள்ளத்தைத் திறந்து வைத்து, அதன் சுவரைக் கொஞ்சம் வழவழப்பாகப் பூசி, சரிவை ஸ்கேட் செய்யத் தெரிந்த ஒருவரிடம் கேட்டு அமைத்து, மேலே ஒரு கம்பியும் நாலு படியும் வைப்பதற்கு ஆகும் கூடுதல் தொகை எவ்வளவு என்று வடிகால் துறையின் அடுத்த ஒப்பந்தப்புள்ளியிலேயே தனி வரியாகக் கேட்டுப் பார்க்கலாம். அந்த வரியில் வரும் எண்ணைப் பார்த்த பிறகு நகர மன்றம் முடிவெடுக்கட்டும்.